தோழியின் ஓவிய நூலுக்கு எப்படி விழா எடுப்பது?

கேள்வி: என் தோழியும் நானும் 35 ஆண்டுகளாகப் பழகி வருகிறோம். பணி ஓய்வுக்குப் பின் அவர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவின் கடைவீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்து, படத்துக்கொரு குறிப்பெழுதி, நூலாக அச்சிட்டிருக்கிறார். விற்கும் தொகை முழுவதையும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப்போகிறார். சமூக மன்றத்தில் விழா எடுத்துப் பொன்னாடை போர்த்த நினைக்கிறேன். அவரோ, “எனக்காக யாரையும் தொந்தரவு செய்யாதே” என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: விழா எடுங்கள், பொன்னாடையை மட்டும் விட்டுவிடுங்கள். என் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாத பொன்னாடைகள் ஆறு இருக்கின்றன. அவற்றில் எது எந்த விழாவில் கிடைத்தது என்பது எனக்கே மறந்துவிட்டது.

உங்கள் தோழி தயங்குவதன் காரணத்தை நான் இப்படி ஊகிக்கிறேன்: “நல்ல காரியம், ஆளுக்கொன்று வாங்குங்கள்” என்று மேடையில் சொன்னால் நூல் விற்றுவிடும், ஆனால் வாங்கியவர்களில் பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது வரைந்தவருக்குத் தெரியும். ஆகவே, அறத்தைப் பற்றி இரண்டு வரிகள் போதும். மீதி நேரம் முழுவதும் படங்களைப் பற்றியே பேசுங்கள். தேக்காவின் கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட, பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீட்டைச் சுற்றுப்பயணிகள் எல்லாரும் படமெடுக்கிறார்கள். அதை உங்கள் தோழி வரைந்திருந்தால் அவர் கண்ணுக்கு மட்டும் பட்டது என்ன, வரையாமல் விட்டிருந்தால் ஏன் விட்டார் என்று கேளுங்கள். அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன்புறக் கூரை நடைபாதையில், விழும் பிற்பகல் நிழல், பூக்கடை வாளியில் மிதக்கும் காம்புகள் என்று உங்களை நிறுத்திவைத்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்தப் படத்தில் கை தடுமாறியது என்பதையும் அவரையே சொல்லவிடுங்கள். 35 ஆண்டு நட்பு இருப்பதால் உங்களால் இதைக் கூச்சமின்றிக் கேட்க முடியும். வாழ்த்துரை வழங்க வரும் பிரமுகரால் முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்தின் பெயரை அழைப்பிதழில் போடுவதற்கு முன் அவர்களிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். நூலுக்கு விலை கொடுப்பதும் நன்கொடை தருவதும் ஒன்றல்ல என்பதை வருபவர்களுக்குத் தெளிவுபடுத்துங்கள். அந்த இல்லத்துக்கு ஐபிசி (நன்கொடைக்கு வரிக்கழிவு ரசீது தர அனுமதி பெற்ற பொதுநல அமைப்பு) தகுதி இருந்தால், கைம்மாறாக எதையும் பெறாமல் நேரடியாகக் கொடுக்கும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் 250 வெள்ளி வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நடப்பில் இருக்கும். ஆகவே, விலைக்கு மேல் கொடுக்க விரும்புபவர்கள் தங்கள் அடையாள அட்டை எண்ணைக் குறிப்பிட்டு இல்லத்துக்கே நேரடியாக அனுப்பட்டும். உங்கள் மேசையில் உண்டியல் வேண்டாம். பிறகு கணக்குச் சொல்லும் தொல்லை தோழியின் தலையில்தான் விழும்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் வெளியாகும் அச்சு நூலின் இரண்டு பிரதிகளை நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படி பதிப்பாளரின் கடமை. சொந்தமாக அச்சிடுபவர்கள் இதை அடிக்கடி தவறவிடுகிறார்கள். அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் வரைந்த தேக்கா, கடைகள் கைமாறிய பின்னும் நூலகத்தில் கிடைக்கும் என்பது பொன்னாடையைவிட அவருக்கு மகிழ்ச்சி தரும்.

விழாவன்று அவர் உங்களுக்கு ஒரு பிரதியை இலவசமாக நீட்டுவார். வாங்காதீர்கள், வரிசையில் நின்று, காசு கொடுத்து, கையெழுத்துக் கேளுங்கள்.