ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸும் ஆங்கிலமும் கலந்த சிறு கவிதை, கதைத் தொகுப்புகளை எப்படி வெளியிடுகிறார்கள்? ஏன் எல்லாமே 30, 40 பக்கத்தில் நின்றுவிடுகின்றன?

நான் பதிப்பாளர் இல்லை. டண்டீயில் பதினொரு வருஷமாகக் குடியிருப்பவள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டம்மாவின் 32 பக்கப் புத்தகத்தை என் லேப்டாப்பில் லேஅவுட் செய்து, அச்சகத்துக்கு அனுப்பி, வந்த பெட்டியைப் பிரித்து, முதல் பிரதியிலேயே ஒரு பிழையைக் கண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தவள். அந்தத் தகுதியில் சொல்கிறேன். (இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னை 'ஹென்' என்பார். நேர்ப்பொருள் கோழி, ஆனால் 'கண்ணு' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரைப் பொதுவில் போட மனமில்லை, அதனால் பக்கத்து வீட்டம்மா என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒரு குழப்பம். ஸ்காட்ஸ் வேறு, கேலிக் வேறு. கேலிக் ஐரிஷ் மொழிக்குச் சொந்தம். ஸ்காட்ஸ் ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. இரண்டும் பழைய ஆங்கிலம் என்ற ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து அரசவையே ஸ்காட்ஸில்தான் நடந்தது. 1603இல் அரசர் லண்டனுக்குப் போய்விட்டார், அதற்கு முன்பே ஆங்கில பைபிள் வந்துவிட்டது, 1707இல் நாடாளுமன்றமும் போனது. அப்புறம் ஸ்காட்ஸ் வீட்டுக்கும் தெருவுக்கும் ஆன மொழியாகிவிட்டது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றவர்கள் 15 லட்சத்துக்குச் சற்று மேல். பேசத் தெரிந்த அத்தனை பேரும் படிப்பார்களா என்றால், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா பள்ளியில் படித்த காலத்தில் வகுப்பில் ஸ்காட்ஸ் பேசினால் டீச்சர் 'ஒழுங்காகப் பேசு' என்பாராம். படிக்கவும் எழுதவும் கற்றது முழுக்க ஆங்கிலத்தில். அதனால் நாள் முழுக்க வாயில் புழங்கும் சொல்லை அச்சில் பார்த்தால் இவர்களுக்குக் கண் தடுக்கும். மெதுவாக உதட்டை அசைத்துப் படித்து, காதில் விழுந்த பிறகுதான் 'அட, இதுவா!' என்று முகம் மலரும். இப்படிப் படிக்கிறவரிடம் முந்நூறு பக்கத்தை நீட்ட முடியுமா? ஒரு டீ ஆறுவதற்குள் சத்தமாகப் படித்து முடிக்கிற அளவுதான் சரிப்படும். காசில்லாததால் மட்டுமே இந்தப் புத்தகங்கள் சின்னதாக இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி.

இந்த அளவு பழையதும்கூட. பதினெட்டாம் நூற்றாண்டில் 'சாப்மேன்' எனப்பட்ட தலைச்சுமை வியாபாரிகள் ஊசி, நூல், ரிப்பனோடு 'சாப்புக்' எனப்பட்ட மலிவுச் சிறுநூல்களையும் ஊர் ஊராக விற்றார்கள். ஒரே தாளை மடித்தால் 8, 16 அல்லது 24 பக்கம், விலை ஒரு பென்னி. நம்மூர் குஜிலிப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு வர்ணனை தேவையில்லை. கிளாஸ்கோவில் மணியடித்து ஊருக்குச் செய்தி சொல்லும் வேலை பார்த்த டூகல் கிரகாம், அரியணைக்காக நடந்த 1745 கலகத்தையே செய்யுளாக எழுதி விற்றார். எடின்பரோவில் ஆலன் ராம்சே என்ற டோப்பா செய்கிறவர் தன் கவிதைகளைத் தனித்தனித் தாளாக விற்று, கடைசியில் டோப்பாவை விட்டுவிட்டுப் புத்தகக்கடையே வைத்துவிட்டார்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கதையை இதில் விடவே முடியாது. இன்று உலகம் முழுக்கச் சிலை வைத்திருக்கிறார்கள், ஆனால் முதல் புத்தகம் வந்த விதம் பக்கத்து வீட்டம்மா புத்தகம் வந்த விதம்தான். 1786 ஜூலை 31, கில்மார்னாக் என்ற சிற்றூர், ஜான் வில்சன் அச்சகம். 612 பிரதி, விலை 3 ஷில்லிங். முன்கூட்டியே படிவம் அச்சடித்து நண்பர்கள் வழியே சுற்றுக்கு விட்டு, 'வாங்கிக்கொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்குப் போனது. ஸ்காட்ஸும் ஆங்கிலமும் அதிலேயே கலந்துதான் இருந்தன, பின்னால் அருஞ்சொல் அகராதியும் உண்டு. சுருக்காக விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பதிப்புக்குக் காகிதச் செலவை முன்பணமாகக் கேட்டார் வில்சன், பர்ன்ஸிடம் அது இல்லை. அடுத்த பதிப்பு 1787இல் எடின்பரோவில் வந்தது. ஹாகிஸ் என்ற ஆட்டுக்குடல் பண்டத்தைப் பாடும் கவிதையில் 'ஸ்கிங்கிங்' என்று ஒரு சொல் வரும், தண்ணியாக ஓடுகிற குழம்பைக் குறிப்பது. அந்தப் பதிப்பின் ஒரு பகுதிப் பிரதிகளில் அது 'ஸ்டிங்கிங்', அதாவது நாறுகிற, என்று அச்சாகிவிட்டது. அந்தப் பிரதிகளுக்கு 'ஸ்டிங்கிங் பர்ன்ஸ்' என்றே பெயர். ஸ்காட்ஸ் சொல் அச்சில் ஆங்கிலச் சொல்லாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் வீட்டில்தான் நடந்தது, அதற்கு வருகிறேன்.

டண்டீக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், எங்கள் ஊர் வில்லியம் மெக்கோனகலையும் சொல்லிவிடுகிறேன். தறி நெசவாளி, எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். கவிதையை ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் தானே விற்றவர். உலகத்திலேயே மோசமான கவிஞர் என்று பெயர் வாங்கினவர். அவர் விற்ற தாள்களில் 35ஐ 2008இல் எடின்பரோவில் ஏலம் விட்டபோது 6,600 பவுண்டுக்குப் போயின. ஆகவே மிச்சப் பிரதிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போதும் இந்த வழி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1961இல் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே, ஜெஸ்ஸி மக்கஃபியோடு சேர்ந்து வைல்ட் ஹாதார்ன் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார், அதே வருஷம் கிளாஸ்கோ பேச்சில் மிருகக் கவிதைகளைக் காகித வெட்டுப் படங்களோடு சிறுநூலாகவும் கொண்டுவந்தார். நாவலாசிரியர் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1999இல் கெட்டிலோனியா என்ற பெயரில் ஸ்காட்ஸ், ஆங்கிலச் சிறுநூல்கள் போடத் தொடங்கினார். கவிதைச் சிறுநூலுக்கென்று காலம் மெக்டொனால்ட் என்ற அச்சகக்காரர்–பதிப்பாளர் நினைவில் ஒரு விருதும் 2001இல் தொடங்கினார்கள்.

சரி, எங்கள் புத்தகம். 14 கவிதை, 3 கதை. பக்கத்து வீட்டம்மாவின் அம்மா சணல் ஆலையில் வேலை பார்த்தவர். வங்காளத்திலிருந்து வந்த சணலைத் திரித்துத்தான் டண்டீ வளர்ந்தது, ஆலையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். தறிச் சத்தத்தில் காது கேட்காததால் உதட்டசைவிலும் கைச் சாடையிலும் பேசிக்கொள்வார்களாம். கவிதைகள் எல்லாம் அந்த அம்மாவைப் பற்றி, ஸ்காட்ஸில். கதைகளில் கதை சொல்லும் குரல் ஆங்கிலம், ஆட்கள் வாய் திறந்தால் ஸ்காட்ஸ். இது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் காலத்து வழக்கம்தான். யார் எந்த மொழி பேசுகிறார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். லாரிமர் என்ற கிரேக்கப் பேராசிரியர் செய்த புதிய ஏற்பாட்டின் ஸ்காட்ஸ் மொழிபெயர்ப்பு 1983இல் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு குறும்பு இருக்கிறது: அங்கே சாத்தான் மட்டும் சுத்தமான ஆங்கிலம் பேசுவான். பக்கத்து வீட்டம்மா கதையில் அந்த வேடம் ஆலை மேஸ்திரிக்கு.

எழுத்துக்கூட்டல்தான் எங்களை மூன்று வாரம் இழுத்தடித்தது. ஸ்காட்ஸுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துமுறை கிடையாது. டண்டீயில் 'நான்' என்பதை 'ஐ' என்று சொல்ல மாட்டார்கள், 'எ' என்பார்கள். 'பை' என்ற தின்பண்டம்கூட 'பெ' ஆகிவிடும். காதில் விழுவதுபோல் எழுதினால் அபர்டீன்காரர் திணறுவார், பொதுவாக எழுதினால் அம்மாவின் குரல் போய்விடும். கவிதையில் 'எ', கதையில் மேஸ்திரி தவிர எல்லாருக்கும் 'எ' என்று முடிவானது. அடுத்த சண்டை ஒற்றைக் கொம்புக்கு, அதாவது அப்போஸ்ட்ரஃபிக்கு. 'வித்' என்பதை ஸ்காட்ஸில் 'வி' என்பார்கள். பழைய புத்தகங்களில் அதன் பின்னால் ஒரு கொம்பு போட்டு, இங்கே ஓர் எழுத்து குறைகிறது என்று காட்டுவார்கள். ஆங்கிலத்திடம் மன்னிப்புக் கேட்கிற கொம்பு என்றே அதற்குக் கேலிப் பெயர் உண்டு. அவர் எழுதிவைத்திருந்த நோட்டில் எல்லா இடத்திலும் கொம்பு இருந்தது. 'எதுவும் குறையலையே, அப்புறம் எதற்கு?' என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சிவப்பு பேனாவால் அத்தனையையும் அடித்துக்கொண்டு வந்தார்.

அகராதியில் நான் தோற்றேன். கடைசிப் பக்கத்துக்கு அறுபது சொல் பொருளோடு தயாரித்திருந்தேன். அவர் பதினொன்றை விட்டு மற்றதை வெட்டிவிட்டார். 'கென்' என்றால் தெரியும், 'பெர்ன்' என்றால் குழந்தை, இதெல்லாம் போட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். இணையத்தில் ஸ்காட்ஸ் பேரகராதி இலவசமாக இருக்கிறது, வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவர் செய்ததுதான் சரி என்று இப்போது படுகிறது. எதிர்ப்பக்கத்தில் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு போட்டிருந்தால் எல்லாரும் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

அச்சு வேலையில் உங்களுக்குப் பயன்படக்கூடியது: சென்டர் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும், 28, 32, 36. எங்களுக்கு 34 வந்தது. ஒரு கவிதை போனது (நல்ல கவிதை, இன்னும் சொல்லிக்காட்டுகிறார்). 36ஐத் தாண்டினால் மைக்கேல் மார்க்ஸ் விருது போன்ற சிறுநூல் பரிசுகளுக்கும் அனுப்ப முடியாது, நடுத்தாள்கள் வெளியே பிதுங்கவும் தொடங்கும். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாளில் ஏ5 அளவில் 32 பக்கமும் அட்டையும் சேர்ந்து 70 கிராம்கூட வராது, அதனால் உறையில் போட்டு 100 கிராம் கடிதக் கட்டணத்துக்குள் தபாலில் போகும். பார்சல் என்றால் தபால் செலவே விலையைத் தின்றுவிடும். ஒரு பிரதியை ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அது சட்டம். எடின்பரோவிலுள்ள தேசிய நூலகம் உட்பட மற்ற ஐந்து நூலகங்கள் கேட்டால் அவற்றுக்கும். நீங்கள் எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும் சரி.

பணம்? 150 பிரதிக்கு 285 பவுண்டு. விலை 5 பவுண்டு. நூலகக் கூட்டத்திலும் தேவாலய விற்பனையிலும் கையால் விற்றது 71. கடைகள் 40 சதவீதம் எடுத்துக்கொண்டு விற்றது 32. முதுகு இல்லாத புத்தகம் என்பதால் அலமாரியில் செருகினால் கண்ணுக்கே தெரியாது, கல்லாப்பெட்டி பக்கத்தில் வைக்கச் சம்மதித்த கடைகளில் மட்டும்தான் போனது. உறவுக்கும் விடாமல் துளைத்துக் கேட்டவர்களுக்கும் சும்மா கொடுத்தது 28. தபால்தலை, உறை, கூட்டத்துக்கு டீ பிஸ்கட் எல்லாம் கழித்து நூறு பவுண்டு போல மிஞ்சியது. எனக்கு ஒரு மீன் வறுவல் சாப்பாடு.

இப்போது அந்தப் பிழை. லேப்டாப்பில் ஆங்கிலப் பிழைதிருத்தி 'மிதர்' என்ற அம்மாவை எல்லாம் 'மதர்' ஆக்கியிருந்ததை முதல் புரூஃபிலேயே பிடித்துவிட்டோம், அணைத்தும் வைத்தேன். கடைசி நாள் ஒரு வரி மாற்றம் என்று கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்லப் போனில் தட்டி, அப்படியே லேஅவுட்டில் ஒட்டிவிட்டேன். வரி முடிவது 'மா மிதர்ஸ் ஈன்' என்று. ஈன் என்றால் கண்கள், எங்கம்மாவின் கண்கள். போன் அதை 'பீன்' ஆக்கிவிட்டது. முந்தின வரியோடு எதுகை அப்படியே நின்றதால் மூன்று பேர் படித்தும் யார் காதிலும் இடறவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்று அவர் சமையலறையில் நான்தான் முதலில் பார்த்தேன். திருத்தச் சீட்டு அச்சடித்து 150லும் வைத்துவிடலாம், இல்லையென்றால் பேனாவால் திருத்தலாம் என்று உளறிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். இந்த ஊரில் 'போஸ்டீஸ் பீன்' என்பார்கள், தபால்காரர் வந்துவிட்டுப் போய்விட்டார் என்று. அப்படிப் பார்த்தால் வரி இப்போது 'அம்மா வந்துவிட்டுப் போயிருக்கிறாள்' என்று நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'லீவ் இட், ஹென்' என்று சொல்லிவிட்டுக் கெட்டிலைப் போட்டார்.

மிச்சம் 19 பிரதி அவர் வீட்டு ஷார்ட்பிரெட் டின்னில் இருக்கிறது. அடுத்த புத்தகத்துக்கு இரண்டு கதை எழுதி முடித்துவிட்டார். இந்தத் தடவை புரூஃப் நாளன்று என் போனை வாசலிலேயே வாங்கி அதே டின்னில் போட்டு மூடிவிடுவாராம்.