அமெரிக்கப் புறநகர் போலீஸுக்கு அளவுக்கு மீறிச் சம்பளம் கொடுக்கிறோமா?

கேள்வி கேட்டவர் போன வருஷம் நியூஜெர்சி புறநகர் ஒன்றில் வீடு வாங்கியவர். தன் ஊரில் ரோந்து சுற்றும் சாதாரணப் போலீஸ்காரரே வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார் என்று தெரிந்து ஆடிப்போய், "நம் வரிப்பணத்தில் இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இதே மாநிலத்தில் 17 வருஷமாக இருக்கிறேன். அதில் 12 வருஷம் சொந்த வீட்டில், அதாவது பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருஷத்துக்கு நாலு தடவை ப்ராப்பர்டி டாக்ஸ் (வீட்டு வரி) கட்டும் முதல் தேதி வந்தாலே வயிற்றைக் கலக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த ஒன்றேகால் லட்சம் எனக்கு அதிகமாகப் படவில்லை. அதைச் சுற்றிப் போகிற மற்ற பணம்தான் உறுத்துகிறது, அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

முதலில் ரூபாய்க் கணக்கை விட்டுவிடுங்கள். ரூபாயாக்கினால் ஒரு கோடிக்கு மேல் வரும், ஊரில் யாரிடமாவது சொன்னால் தலைசுற்றும். ஆனால் அந்தப் போலீஸ்காரரும் இங்கேதான் வீடு வாங்கி, இங்கேதான் டாக்ஸ் கட்ட வேண்டும். நியூஜெர்சியில் ஒரு வீட்டுக்கான சராசரி ப்ராப்பர்டி டாக்ஸ் 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது, நாட்டிலேயே இதுதான் அதிகம். அப்புறம், ஒன்றேகால் லட்சம் என்பது வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கிடைப்பது இல்லை. பல ஊர்களில் அதில் பாதியிலோ அதற்கும் கீழேயோ ஆரம்பித்து, வருஷா வருஷம் ஒரு ஸ்டெப்பாக ஏறி, உச்சத்தைத் தொடப் பத்து வருஷம் போல ஆகிவிடுகிறது. யூனியன் ஒப்பந்தங்களை, அரசு ஊழியர்-நிர்வாக விவகாரங்களைப் பார்க்கும் மாநிலத்தின் 'பெர்க்' ஆணையம் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது, உங்கள் ஊர் ஒப்பந்தத்தையும் தேடிப் பாருங்கள், பின்னிணைப்பில் ஸ்டெப் அட்டவணை இருக்கும். கணினித் துறையில் பத்து வருஷ அனுபவம் உள்ள நம் ஆட்களும் இங்கே ஏறக்குறைய அதே சம்பளம்தான் வாங்குகிறோம், அதுவும் கிறிஸ்துமஸ் ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் பனியில் நிற்காமல்.

நான் இப்படிப் பேசுவதற்கு ஒரு ராத்திரி காரணம். 2019 ஜனவரி, எங்கள் இரண்டாவது பெண் பிறந்த சமயம், நாகர்கோவிலில் இருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். இரண்டே முக்கால் மணி இருக்கும், பாத்ரூம் வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். மாமனார் கிடக்கிறார், முகமெல்லாம் வேர்த்திருக்கிறது, கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது. 911-க்குப் போன் செய்துவிட்டு வாசல் விளக்கைப் போடப் போனேன், அதற்குள் வெளியே நீலமும் சிவப்புமாக வெளிச்சம். வந்தது ஆம்புலன்ஸ் இல்லை, போலீஸ் கார். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது அந்தப் பையனுக்கு. ஒரு தோளில் பச்சை ஆக்சிஜன் சிலிண்டர் பை, இன்னொரு கையில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி. பூட்ஸில் ஒட்டியிருந்த பனி எங்கள் ஹால் தரையெல்லாம் உருகி வழிய, மண்டியிட்டு உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டி, நாடியைப் பிடித்துக்கொண்டே என் மனைவியிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கையில் மாட்டியிருந்த நீலக் கையுறை மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர இன்னும் 11 நிமிஷம் ஆனது. எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் தன்னார்வலர்கள் நடத்துவது, அவர்கள் பாவம் வீட்டுப் படுக்கையில் இருந்து எழுந்து வர வேண்டும். அந்த 11 நிமிஷமும் அந்தப் பையன் மாமனாரின் கையை விடவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் மாமனார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, இவரு போலீஸா டாக்டரா?"

நாடித்துடிப்பு படுத்துவிட்டிருந்தது, இரண்டு நாளில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது ஊரில் நன்றாக இருக்கிறார்.

புறநகரில் போலீஸுக்கு என்ன வேலை இருக்கிறது, ஸ்பீடிங் டிக்கெட் எழுதுவதைத் தவிர, என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உயிரைப் பணயம் வைக்கிறார்கள், அதனால் கொடுக்கலாம் என்ற வாதத்தை நான் எடுக்க மாட்டேன். மத்தியத் தொழிலாளர் துறையின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், வேலையில் உயிரிழக்கும் விகிதம் கூரை வேய்பவர்களுக்கும் மரம் வெட்டுபவர்களுக்கும் குப்பை அள்ளுபவர்களுக்கும் போலீஸைவிட அதிகம், அவர்களுக்கு யாரும் ஒன்றேகால் லட்சம் கொடுப்பதில்லை. அந்த ராத்திரி மூன்று மணிக்கு, பயிற்சியுள்ள ஒரு ஆள், சில நிமிஷத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். அதற்காகத்தான் கொடுக்கிறேன்.

சரி, எங்கே அதிகம் என்கிறேன் என்றால், உங்கள் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கு இவ்வளவு, கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்றுதான் பிரித்திருக்கும், போலீஸுக்கு என்று தனி வரி கிடையாது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் நாசோ, சஃபோக் கவுண்டிக்காரர்களுக்கு போலீஸ் வரி தனியாகவே பில்லில் வரும். அவர்களுடைய போலீஸ் நாட்டிலேயே அதிகம் வாங்குபவர்களில் சேர்த்தி, ஆனால் எவ்வளவு போகிறது என்பதாவது வீட்டுக்காரருக்குத் தெரியும். நமக்கு ஊர் பட்ஜெட்டைப் பிரித்து உட்கார்ந்தால்தான் தெரியும், அதிலும் போலீஸ் என்ற தலைப்பின் கீழ் சம்பளமும் சில்லறைச் செலவும் மட்டுமே இருக்கும். போலீஸ் பென்ஷனுக்கு ஊர் கட்டும் பங்கு வேறு பக்கத்தில், சட்டப்படி கட்டியே ஆக வேண்டிய செலவுகள் என்ற தலைப்பில். மருத்துவக் காப்பீடு எல்லா ஊழியர்களோடும் சேர்த்து இன்னொரு பக்கத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், என் வீட்டுக்கு வருஷம் 1,300 டாலர் அளவில் வந்தது.

பென்ஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி தப்பான ஆள் மேல் விழுகிறது. போலீஸ்காரர் சம்பளத்தில் 10 சதவீதம் பென்ஷனுக்குப் பிடிக்கிறார்கள் (2011-க்கு முன் 8.5), 25 வருஷம் முடித்தால் 65 சதவீதப் பென்ஷன் (2011 ஜூனுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 60). ஊர் தன் பங்காக 100 டாலர் சம்பளத்துக்கு 30 டாலருக்கு மேல் கட்டுகிறது. இவ்வளவு ஏறியதற்கு ஒரு முக்கியக் காரணம், 2000-ஐ ஒட்டிப் பங்குச்சந்தை நன்றாக இருந்த சில வருஷங்களில் ஊர்கள் தங்கள் பங்கைச் சரியாகக் கட்டாமல் விட மாநிலம் அனுமதித்ததுதான். அன்றைக்கு வரியை ஏற்றாமல் நல்ல பெயர் வாங்கியவர்கள் போய்விட்டார்கள், பாக்கி நம் தலையில். ஓய்வு பெற்றவர்களுக்கு விலைவாசிக்கு ஏற்ற உயர்வையும் 2011-லேயே நிறுத்திவிட்டார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது சம்பளம் ஏறும் விதம். போலீஸ் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, அதனால் ஊரும் யூனியனும் ஒத்துப்போகாவிட்டால் ஆர்பிட்ரேட்டர் என்ற நடுவரிடம் போகும், அவர் சொல்வதை இரண்டு தரப்பும் ஏற்க வேண்டும். அவர் பார்க்கும் விஷயங்களில் ஒன்று, பக்கத்து ஊர்களில் என்ன கொடுக்கிறார்கள் என்பது. இந்த ஊர் அந்த ஊரைக் காட்டும், அந்த ஊர் அடுத்த ஊரைக் காட்டும், வசதியான ஊர் ஒன்று முதலில் ஏற்றிவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பின்னாலேயே ஏறும். கிறிஸ் கிறிஸ்டி கவர்னராக இருந்தபோது 2011-ல் இருந்து இந்தத் தீர்ப்புகளுக்கு 2 சதவீத உச்சவரம்பு இருந்தது, 2017 டிசம்பர் 31-ல் அது காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. ஆனால் ஊர் வரியை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற சட்டம் மட்டும் (சில விதிவிலக்குகளோடு) அப்படியே இருக்கிறது. என்ன ஆகும்? போலீஸுக்கு மூன்று, மூன்றரை என்று ஏறினால் மிச்சம் வேறு எங்கேயோ பிடுங்கப்படும். எங்கள் ஊரில் சாலை, குப்பை பார்க்கும் துறையில் ஓய்வு பெற்ற இருவரின் இடத்தை நிரப்பவே இல்லை, நூலகம் வெள்ளிக்கிழமை மாலை மூடிக்கிடக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை மாலைகளில்தான் என் பெரியவளைக் கதை கேட்கக் கூட்டிப்போவேன்.

ஆனால் என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது எண்ணிக்கை. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத இந்த மாநிலத்தில் 564 ஊராட்சி அமைப்புகள், அவற்றில் 400-க்கும் மேல் தனித்தனிப் போலீஸ் துறை வைத்திருக்கின்றன. பெர்கன் கவுண்டியில் மட்டும் 70 ஊர்கள், ஒரு சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் தனி சீஃப், தனி கேப்டன், தனி கட்டடம். காரில் பத்து நிமிஷம் போவதற்குள் நாலு போலீஸ் துறைகளைத் தாண்டிவிடலாம். ரோந்து போகிறவரின் சம்பளத்தில் ஐயாயிரத்தைக் குறைப்பதைவிட, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு சேர்ந்து ஒரு சீஃப் வைத்துக்கொண்டால் எவ்வளவோ மிச்சம். முடியாத காரியம் இல்லை. பிரின்ஸ்டன் போரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் பல பத்தாண்டுகளாக இழுத்தடித்து, 2011 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு, 2013 ஜனவரி 1-ல் ஒன்றாயின. இரண்டு போலீஸ் துறையும் ஒன்றானது, ஆள் எண்ணிக்கையும் குறைந்தது. நம் ஊர்களில் இந்தப் பேச்சை எடுத்தால், "நம் ஊர் போலீஸ் நமக்கே வேண்டும்" என்று முதலில் எழுந்து நிற்பது பெரும்பாலும் வரி அதிகம் என்று புலம்பும் அதே ஆட்கள்.

இன்னொன்று, சேர்த்து வைத்த சிக் லீவைக் காசாக்குவது. ஓய்வு பெறும் அன்று ஒரு மூத்த அதிகாரி லட்சக்கணக்கில் ஒரே செக்காக வாங்கிக்கொண்டு போவார், கிறிஸ்டி அதை "படகு செக்" என்பார், அந்தப் பணத்தில் படகு வாங்கலாம் என்று. 2010 மே-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 15,000 டாலருக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2022-ல் மாநிலக் கணக்காய்வாளர் அலுவலகம் 60 ஊர்களை எடுத்துப் பார்த்தது, 57 ஊர்கள் சிக் லீவ் சட்டங்களை முழுமையாகப் பின்பற்றவில்லை. போலீஸ் மட்டும் இல்லை, எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, இருந்தாலும் கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

சாலையில் குழி தோண்டும் இடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும் போலீஸ்காரரைக் காட்டி, "பாருங்கள், நம் வரி" என்பார்கள். தோண்டும் வேலை கேஸ் கம்பெனியுடையது என்றால் அந்த மணிக்கூலியைக் கட்டுவது அந்தக் கம்பெனி, ஊருக்கும் அதில் நிர்வாகக் கட்டணம் உண்டு. கடைசியில் நம் கேஸ் பில்லில் வந்து சேரும், அது வேறு.

அப்படியானால் சம்பளத்தையே குறைத்து, மலிவான போலீஸ் வைத்துக்கொள்ளலாமே என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, வரியில் எடுக்காத ஊர் வேறு எப்படியாவது எடுக்கும். மிசௌரியில் ஃபெர்குசன் என்று ஒரு புறநகர், 21,000 பேர். 2014-ல் அங்கே மைக்கேல் பிரவுன் என்ற கருப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டதும் மத்திய நீதித்துறை போய்த் தோண்டியது. ஊரின் பொது நிதிக்கு அடுத்த வருஷம் எதிர்பார்த்த 1 கோடியே 32 லட்சம் டாலரில் 30 லட்சத்துக்கு மேல் அபராதத்திலும் கோர்ட் கட்டணத்திலும் வரும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். 2013-ல் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட வாரண்ட், பெரும்பாலும் பார்க்கிங், டிராஃபிக், வீட்டு விதிமீறல் போன்ற சின்னக் குற்றங்களுக்கு. கட்ட முடியாத ஏழைகள், அதிகமும் கருப்பினத்தவர், ஜெயிலுக்குப் போனார்கள். போலீஸ்காரரை வசூல்காரராக மாற்றும் ஊரில் என் பெண்கள் வளர வேண்டாம். அதற்கு 1,300 டாலர் கட்டிவிடுவேன்.

உங்களால் இரண்டு காரியம் செய்ய முடியும். பொது ஆவணச் சட்டத்தின்படி, இங்கே ஓப்ரா என்பார்கள், ஊர் கிளார்க்கிடம் ஒரு படிவம் கொடுத்து, போலீஸ் துறையில் சார்ஜென்ட்டும் அதற்கு மேலும் எத்தனை பேர், கடந்த ஐந்து வருஷத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு சிக் லீவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு கவுன்சில் கூட்டத்துக்குப் போங்கள், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். நான் போன மாதம் போனேன், மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தோம். பக்கத்து ஊரோடு 911 அழைப்பு மையத்தைச் சேர்த்து நடத்தலாமா என்று கேட்டேன், மேயர் குறித்துக்கொண்டார். வரும் செவ்வாய்க்கிழமை அது அஜெண்டாவில் இருக்கிறது.