லட்சத்தீவில் எந்தப் பக்கம் குளிக்கலாம்?

கேள்வி: ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு லட்சத்தீவு போக ஆசை. எங்களுக்கு ஆற்றுக் குளியல்தான் பழக்கம். பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: தாராளமாக இறக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். அங்கே பெரும்பாலான தீவுகளில் மேற்கே லகூன் இருக்கும், அதாவது பவழத்திட்டு வெளிக்கடலின் அலையைத் தடுத்து நிறுத்திவிடுவதால் உள்ளே தண்ணீர் ஆழம் குறைந்து, குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். கிழக்குக் கரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அலை நேரே வந்து மோதும், கொஞ்சம் தள்ளினாலே ஆழம். பார்க்க இரண்டும் ஒரே நீலம்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். லகூனிலும் படகு வந்து போகிற வாய்க்கால் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். கடல் வற்றும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியே இழுக்கும். வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், ஆகவே நேற்று இறங்கிய நேரத்தை வைத்து இன்று கணக்குப் போடாமல், காலையிலேயே உள்ளூர்ப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் நீந்தத் தெரிந்த பிள்ளையானாலும் லைஃப் ஜாக்கெட் போடட்டும்.

காலுக்கு ரப்பர் செருப்பு போதாது, கழன்று போகும். பழைய கேன்வாஸ் ஷூ நல்லது. அதைப் போட்டுக்கொண்டு பவழத்தின் மேல் ஏறி மட்டும் நிற்க வேண்டாம், தயவுசெய்து. அது உயிருள்ளது. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் அங்கே பவழம் வெளுத்துச் செத்திருக்கிறது, மிச்சமிருப்பதை நம் கால் உடைக்கக் கூடாது. உடைந்த துண்டை எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம், பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மாமியார் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். பல இடங்களில் கப்பல் கரை வரை வராது, நடுக்கடலிலேயே சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். ஆட்கள் கை பிடித்து இறக்கிவிடுவார்கள்தான், ஆனால் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். முழங்கால் வலி இருந்தால் கொச்சியிலிருந்து அகத்தித் தீவுக்கு விமானத்தில் போவதே நல்லது. கப்பல்தான் என்றால் பை எல்லாம் தோளில் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும், கை இரண்டும் காலியாக வேண்டும். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

நுழைவு அனுமதி எல்லோருக்கும் கட்டாயம், அது கைக்கு வராமல் ஒலவக்கோட்டில் (பாலக்காடு ஜங்ஷனில்) ரயில் ஏறாதீர்கள். பயணத்தை மே பாதிக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம், மழைக்காலக் கடல் மோசமாக இருக்கும்.

கேள்வி: மொழி, சாப்பாடு எப்படி?

பதில்: உங்கள் ஊர் மலையாளமே போதும். மினிக்காய் தீவில் மட்டும் மஹல் என்கிற மொழி பேசுவார்கள், அங்கேயும் மலையாளம் புரியும். சாப்பாட்டில் சூரை மீனும் தேங்காயும்தான் அதிகம். காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருவது. சைவம் என்றால் பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.