பட்டம் கட்டும் பிள்ளைக்குக் குளிசை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, தரம் 4. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) என்று உறுதிசெய்த வைத்தியர், மெதைல்பெனிடேட் குளிசை தொடங்கலாம் என்கிறார். ஐந்து வரி பார்த்தெழுத ஒரு மாலை போகிறது; முடிக்கும்போது இருவருமே அழுதிருப்போம். "பட்டம் கட்ட இருந்தால் இரண்டு மணித்தியாலம் அசையாதவனுக்கு என்ன வருத்தம்? குளிசை போட்டால் மந்தமாகிவிடுவான்" என்கிறார் மாமி. கனடாவிலிருக்கும் அக்கா உடனே கொடு என்கிறார். அடுத்த வருடம் புலமைப்பரிசில் வேறு. என்ன செய்வது?
– ஒரு தாய், கோப்பாய்

பதில்: தங்கச்சி, மாமி கேட்டது நல்ல கேள்வி. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமலில்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பத்தான் முடிவதில்லை. பட்டத்துக்கு முச்சை கட்டி விண் பூட்டும்போது வேலையே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. பார்த்தெழுதும் கொப்பி அப்படிப் பிடித்து வைக்காது. அதனால் அவன் வேண்டுமென்று செய்கிறான் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

குளிசை 1950களிலிருந்து பாவனையில் உள்ளது. சாதாரண வகை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் இறங்கிவிடும். காலை 7 மணிக்குக் கொடுத்தது 11 மணியளவில் தீர்ந்துபோகும். ஆகவே ஆயுளுக்கும் எடுக்கும் முடிவு என்று பதறாதீர்கள். சில வாரம் பார்த்து, பலனில்லையென்றால் வைத்தியரிடம் பேசி நிறுத்தலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலன் தெரியும், எல்லோருக்கும் அல்ல.

இந்தக் குளிசை பசியைக் குறைக்கும்; எங்கள் வீடுகளில் சண்டை வருவதும் அதில்தான். கட்டிக்கொடுத்த இடியப்பம் அப்படியே திரும்பி வரும். குளிசைக்கு முன் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுங்கள். மருந்து இறங்கியதும் பசி திரும்பும், அப்போது புட்டும் முட்டையும் தயாராக இருக்கட்டும். நித்திரை பிந்தலாம், தலையிடி, வயிற்றுநோ வரலாம். நிறை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் கிளினிக்கில் தவறாமல் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் இதய வருத்தத்தால் திடீரென இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் தொடங்கமுன் சொல்லிவிடுங்கள்.

மந்தமாவான் என்ற பயத்திலும் விடயம் இருக்கிறது. அளவு கூடினால் பிள்ளை ஒடுங்கிப்போவான். பட்டம் கட்ட ஈர்க்கும் தாளும் கொடுத்தும் மூலையில் குந்தியிருந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து பார்ப்பார்.

நானென்றால் கொடுத்துப் பார்ப்பேன். அந்த ஐந்து வரிக்காக, புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்காக அல்ல. பாடசாலை விட்டதும் இரண்டு ரியூசனுக்கு ஓடவிட்டு, பிறகு குளிசையில் பழிபோடுவதில் நியாயமில்லை. வகுப்பு ரீச்சரிடம் முன்வரிசை கேளுங்கள். வேலையைச் சிறுசிறு துண்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் எப்படி இருந்தான் என்று வாரம் ஒரு வரி எழுதித் தரவும் கேளுங்கள், குளிசை தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலிருந்தே. இல்லாவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

அக்கா அங்கிருந்து குளிசை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, அளவும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு.

அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டக் கேள்வியை அவரே வைத்தியரிடம் கேட்கட்டும்.