ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பற்றி யூடியூபிலேயே எல்லாம் இருக்கும்போது, வானியல் சங்கத்தின் உரைக்கு எதற்குப் போக வேண்டும்?

படம் பார்க்க மட்டும் என்றால் போகவே வேண்டாம். வெப் எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வீட்டுத் திரையில் இன்னும் தெளிவாகவே தெரியும்.

நான் இருப்பது டொராண்டோவில். கனடாவின் ராயல் வானியல் சங்கம் 1868-இல் ஒரு சிறு குழுவாக ஆரம்பித்ததும் இதே ஊரில்தான். இங்கே நடக்கும் உரைகளுக்கு நேரம் கிடைக்கும்போது போவேன். உண்மையைச் சொன்னால், பேச வருபவரைவிட கேட்க வருபவர்களுக்காகத்தான் போகிறேன். அவர்களில் பலர் சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், அதனால் கேள்வியே வேறு மாதிரி வரும்.

வெப் படங்களில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி எட்டுக் கதிர்கள் தெரியுமே, அது ஏன் எட்டு என்று ஒருவர் கேட்டார். நியூட்டோனியன் என்ற கண்ணாடி வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் நாலு கதிரைப் பார்த்துப் பழகியவர்கள். உள்ளே துணைக் கண்ணாடியைத் தாங்கும் தகடுகளால் வருவது அது. வெப்பில் அறுகோணக் கண்ணாடிகளின் விளிம்புகளால் ஆறு கதிர்கள் வருகின்றன. துணைக் கண்ணாடியின் மூன்று கால்களாலும் ஆறு வரும், ஆனால் அவற்றில் நான்கு முந்தைய கதிர்கள்மேலேயே விழும்படி கால்களை அமைத்திருக்கிறார்கள். மிச்சம் இரண்டு சின்னக் கதிர்கள். ஆக எட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஸ்பார்க்ளர்’ விண்மீன் மண்டலம் பற்றிய உரை. 2022 ஜூலையில் வெளியான வெப்பின் முதல் ஆழ்வெளிப் படத்திலேயே இருந்தது அது. ஒளி இங்கே வர ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் விண்மீன் மண்டலக் கூட்டத்தின் ஈர்ப்பு வில்லை மாதிரி வேலை செய்து அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதைச் சுற்றி மினுங்கும் புள்ளிகளில் 12-ஐ கனடா ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஐந்து, கோள வடிவ விண்மீன் கொத்துகளாக இருக்கலாம் என்றார்கள். அந்தக் காலத்திலேயே அவற்றுக்கு வயதாகிவிட்டது! புது விண்மீன்கள் பிறக்கும் இடத்தில் எதிர்பார்க்கும் ஆக்சிஜன் கோடுகள், வெப்புக்குக் கனடா கொடுத்த நிரிஸ் கருவி ஒளியைப் பிரித்துக் காட்டிய நிறமாலையில் தென்படவில்லை. ஆக, பிரபஞ்சம் பிறந்து அதிக நாள் ஆகாதபோதே உருவான கொத்துகள் அவை. ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் எம்13-உம் இதே வகைக் கொத்துதான். கோடையில் என் வீட்டுப் பின்புறத்திலிருந்து பைனாகுலரில் பஞ்சுத் துணுக்காகத் தெரியும். ஸ்பார்க்ளருக்கும் அதற்கும் உறவு சொல்லி, ‘இன்று இரவே போய்ப் பாருங்கள்’ என்று பேசியவர் சொன்னது எந்தக் காணொளியிலும் நான் கேட்காதது.

இன்னொரு பலன், புரளிக்குக் கடிவாளம். 2025 ஏப்ரலில் வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி கோளில் உயிரின் அடையாளம் என்று செய்தி பறந்தது. சங்கத்தில் முதல் கேள்வியே ‘எத்தனை சிக்மா?’ என்பதுதான். முடிவு தற்செயலாக வந்ததல்ல என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதன் அளவு அது. மூன்று. கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாகக் கேட்பது ஐந்து. அதே தரவை அலசிய வேறு குழுக்கள் அப்படி உறுதியாக எதுவும் இல்லை என்றன.

எல்லா உரையும் நன்றாக இருக்காது, சரி. ‘வெப்பின் அற்புதங்கள்’ மாதிரிப் பொதுத் தலைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்லைடு காட்சிதான், தவிர்த்துவிடலாம். ஒரே கோள், ஒரே கருவி என்று குறுகிய தலைப்பாக இருந்தால் விடாதீர்கள். கேள்வி நேரம் முடியும்வரை எழுந்து வராதீர்கள்.