விளையாட்டு என்பது என்ன, அது வாழ்நாள் முழுவதும் ஏன் தேவைப்படுகிறது?

வேறு பயன் எதையும் கருதாமல், தானே விரும்பி, அதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே ஒருவர் செய்யும் செயலை விளையாட்டு என்கிறோம். தோற்றாலும் பெரிய இழப்பு இல்லை என்பதே அதன் பலம். ஆற்றின் ஆழத்துக்குப் போகுமுன் படித்துறையோரம் நீந்திப் பழகுவதைப் போல, அச்சமின்றித் தவறு செய்து பார்க்க அது இடம் தருகிறது. நொண்டி ஆடும் பிள்ளைகளைக் கவனியுங்கள்: கால் கோட்டில் பட்டதா இல்லையா என்று வாதாடி, சாட்சி கேட்டு, கடைசியில் "சரி, இன்னொரு தடவை ஆடு" என்று தாங்களே தீர்த்துக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னால், விட்டுக்கொடுக்கவும் பேசி முடிக்கவும் கற்கும் வாய்ப்பு அங்கேயே நின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகவே அறிவிக்கிறது.

வயதானாலும் இத்தேவை தீர்வதில்லை. பேரப்பிள்ளையோடு தாயம் உருட்டும் பாட்டிக்குக் கணக்கும் ஓடுகிறது, பேச்சுத் துணையும் கிடைக்கிறது.

சதுரங்கம், இறகுப்பந்து எனக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் வகுப்புகளே போதும் என்று பல பெற்றோர் கருதுகின்றனர். அவை நல்லவையே ஆயினும், எதை ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளை தானே முடிவு செய்யாத நேரம் விளையாட்டுக் கணக்கில் சேராது.