வாரியாசோயிஷும் கேசட்டுகளும் – கடிதம்

வணக்கம் சார்,

போர்த்துக்கீசிய ராக் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் அன்டோனியோ வாரியாசோயிஷை அந்த நாட்டின் ஆகச்சிறந்த பாட்டுக்காரர் என்றே சொல்லியிருந்தீர்கள். ஆர்வத்தில் தேடிப் பார்த்தேன். அவர் வெளியிட்டது இரண்டே ஆல்பம். எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது, நோட்டேஷன் (இசைக் குறியீடு) எழுதத் தெரியாது, ஸ்டுடியோவில் வேறு குழுக்காரர்கள்தான் இசையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ருய் வெலோசோ 1980லேயே ராக்கை மக்களிடம் கொண்டுபோனவர், பல பத்தாண்டுகளாகப் பாடுகிறவர். அவரை இரண்டு வரியில் கடந்துவிட்டு இவருக்கு இரண்டு பக்கம் எதற்கு? விசித்திரமான உடையும் 39 வயதில் வந்த சாவும் சேர்ந்து உண்டாக்கிய புகழ்தானே இது? தவறாக எண்ண வேண்டாம், நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெலோசோவில் இருந்தே தொடங்குகிறேன். 1980இல் அவருடைய முதல் ஆல்பம் ஓடிய பிறகுதான் சொந்த மொழியில் ராக் பாடினாலும் விற்கும் என்று அங்குள்ள கம்பெனிகளுக்கு நம்பிக்கை வந்தது, புதுக்குழுக்கள் வரிசையாகக் கிளம்பின. அந்தப் பெருமை அவருக்குத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெலோசோ பாடியவற்றில் பெரும்பாலான பாட்டுகளின் வரிகளை எழுதியவர் கார்லுஷ் தே. அதைச் சொல்லி யாரும் வெலோசோவைக் குறைப்பதில்லை, குறைக்கவும் கூடாது. வாரியாசோயிஷ் பாடியவற்றில் பெரும்பாலானவை வரியும் அவருடையது, மெட்டும் அவருடையது. இல்லாமல் போனது கிடார் பிடிக்கிற பயிற்சியும் நோட்டேஷன் படிப்பும் மட்டும்தான். அதற்காக அவர் பாட்டை வாத்தியம் வாசித்தவர்களின் கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாத்தியம் தெரியாதவருக்கு மெட்டு எங்கிருந்து வந்தது என்றால், அவர் ஊரைப் பார்க்க வேண்டும். 1944 டிசம்பர் 3 அன்று, போர்ச்சுகலின் வடக்கே பிராகா மாவட்டத்தில், அமாரெஷ் பக்கத்தில் இருக்கும் ஃபிஷ்கால் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். அப்பா கவாகின்யோ என்கிற நான்கு தந்திக் குட்டிக் கிடாரும் அக்கார்டியனும் வாசிப்பார். அந்தப் பகுதியில் பாட்டு என்பது திருவிழாவிலும் வயலிலும் காதில் விழுந்து வாய்க்கு வருவது, யாரும் உட்கார்ந்து எழுதிப் படிப்பதில்லை. அந்தப் பையன் ஆரம்பப் பள்ளி முடித்த கையோடு, பன்னிரண்டு வயது வாக்கில், பிழைப்புக்காக லிஸ்பன் போனான். அப்புறம் பல வேலைகள், ராணுவ சேவைக்கு அங்கோலா, 1974 புரட்சிக்குப் பிறகு 1975இல் லண்டன், பிறகு ஆம்ஸ்டர்டாம். முடிவெட்டக் கற்றுக்கொண்டது ஆம்ஸ்டர்டாமில். திரும்பி வந்து லிஸ்பனின் முதல் யூனிசெக்ஸ் சலூன்களில் ஒன்றில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டார். பகலில் கத்தரி, இரவில் பாட்டு.

அவர் பாட்டு உண்டாக்கிய விதம் இதுதான்: டிரம் மெஷினில் ஒரு தாளத்தை ஓடவிட்டு, கேசட் ரெக்கார்டரை அழுத்திவிட்டு, வாயால் பாடிப் பதிவு செய்வார். வரியும் மெட்டும் சேர்ந்தே வரும். இதைக் குறைபாடு என்று நினைப்பவர்கள் அந்த மெட்டுகளைக் கவனித்துக் கேட்கவில்லை என்பேன். கிடாரோடு உட்கார்ந்து பாட்டு எழுதுகிறவரின் மெட்டு, கை பழகிய கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, சுற்றியே போகும். இவருக்கு அந்தக் கட்டு இல்லை, ஒரு வரியின் கடைசியில் குரலை இழுத்து, சுழற்றி, எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விடுவார். அது நேராக, போர்ச்சுகலின் பழைய பாட்டு மரபான ஃபாடோவிலிருந்து வருவது, அதிலும் அதன் மிகப் புகழ்பெற்ற பாடகி அமாலியா ரோட்ரிகெஷிடமிருந்து வருவது.

அமாலியா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1974 ஏப்ரல் 25 புரட்சியோடு நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்த சர்வாதிகாரம் முடிந்தது. அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு, ஃபாடோ பழைய ஆட்சியின் இசை, அமாலியா அந்த ஆட்சிக்கு வேண்டியவர் என்ற பேச்சு பலமாக இருந்தது. ராக் கேட்கிற நகரத்து இளைஞர்களில் பலருக்கு அவர் பெயரே வேண்டாத பெயர். அப்படிப்பட்ட நேரத்தில், தாடியும் காதணியும் கண்ணைப் பறிக்கும் உடையுமாக வந்த இந்த மனிதர், 1982இல் வெளியான தன் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில், அமாலியாவின் மிகப் புகழ்பெற்ற ஃபாடோக்களில் ஒன்றான ‘ஆற்றில் துணி துவைக்கும் மக்களே’ பாட்டை மின்கருவிகளோடு பாடினார். ஃபாடோக்காரர்களுக்கு அது அபச்சாரம், ராக் ஆட்களுக்குப் பழைய குப்பை. எந்தப் பக்கமும் கைதட்டாது என்று தெரிந்தே செய்தார். அடுத்த வருடம் வந்த முதல் ஆல்பத்தில் அமாலியாவுக்கென்றே ஒரு பாட்டு எழுதி வைத்தார். எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகத் தோன்றுவது இந்தத் துணிச்சல்தான், உடை எல்லாம் அப்புறம்.

அந்த முதல் தட்டு வருவதற்கு அவர் காத்திருந்ததையும் சொல்ல வேண்டும். வாலென்டிம் டி கார்வால்யோ என்கிற இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது 1978இல், தட்டு வந்தது 1982இல். நடுவில் 1981இல் ஜூலியு இசித்ருவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார், ஆனாலும் உடனே ஆல்பம் வரவில்லை. இவரை எந்த வகையில் சேர்த்து விற்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. உங்கள் இசை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டபோது பிராகா பேராலயத்துக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் என்று அவர் பதில் சொன்னது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய ஊரையும் அவர் போய்ச் சேர விரும்பிய இடத்தையும் தெரிந்தவர்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: இசையைச் செய்தது மற்றவர்கள்தானே? 1983 ஆல்பத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் ஜி.என்.ஆர். குழுவின் விட்டோர் ருவாவும் டோலி செசார் மஷாடோவும். 1984இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் எரோயிஷ் து மார் குழுவின் பெட்ரு ஐரிஷ் மகல்யாயிஷும் கார்லுஷ் மரியா த்ரிந்தாதும். (இந்தப் பெட்ரு ஐரிஷ்தான் பின்னால் மத்ரெதேயுஷ் குழுவைத் தொடங்கியவர். அந்தக் குழுவை நம்மவர்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள்.) முதலாவது முரட்டுத்தனமாக ஒலிக்கும், இரண்டாவது கீபோர்டுகளோடு வழவழப்பாக ஒலிக்கும். அப்புறம் 2004இல் நடந்தது இன்னும் முக்கியம். அவர் விட்டுச் சென்ற கேசட்டுகளில் வெளியாகாத பாட்டுகள் இருந்தன. அவற்றை எடுத்து மனுவேலா அஸெவேது, டேவிட் ஃபொன்செகா, கமானே ஆகிய மூவரும் உமானுஷ் என்ற பெயரில் ஒரு ஆல்பம் செய்தார்கள். ஒருவர் ராக் குழுப் பாடகி, ஒருவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தவர், கமானே ஃபாடோ பாடகர். பாட்டுக்காரர் செத்து இருபது வருடம் ஆகியிருந்தது, அந்த ஆல்பம் நாடு முழுவதும் பெரிய வெற்றி பெற்றது. மூன்று ஆல்பம், மூன்று வெவ்வேறு கூட்டம், மூன்று விதமான ஒலி. ஆனால் எதைப் போட்டாலும் நாலு வரிக்குள் இது வாரியாசோயிஷ் மெட்டு என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் செய்த இசை என்றால் அது எப்படிச் சாத்தியம்?

உடை பற்றி நீங்கள் கேட்டதற்கும் உமானுஷிலேயே பதில் இருக்கிறது. அங்கே அந்த உடை இல்லை, அந்த முகமும் இல்லை, பாட்டு மட்டும்தான் இருந்தது.

சாவைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது, கேட்டதால் சொல்கிறேன். 1984 ஜூன் 13 அன்று, லிஸ்பன் நகரமே கொண்டாடும் புனித அந்தோணியார் திருநாளில், மருத்துவமனையில் இறந்தார். நிமோனியா என்றார்கள். எய்ட்ஸ் என்று அன்றே பேச்சு எழுந்தது, இன்று பரவலாக அப்படித்தான் சொல்லப்படுகிறது. அந்த நோயின் மேல் இருந்த பீதியில் சவப்பெட்டியை மூடி முத்திரையிட்டே அடக்கம் செய்தார்கள். இரண்டாவது ஆல்பம் அப்போதுதான் வந்திருந்தது. இந்த மாதிரிச் சாவு அன்றைய போர்ச்சுகலில் ஒருவருக்குப் புகழ் சேர்க்கவில்லை, கிசுகிசுவைத்தான் சேர்த்தது. எண்பதுகளின் பிற்பாதியில் டெல்ஃபின்ஷ் குழு, ஓர் இரவுத் துணைக்காக ஒருவர் இன்னொருவரை அழைப்பதைப் பாடும் அவருடைய பாட்டைத் திரும்பப் பாடி ஹிட் ஆக்கியது. அதற்கெல்லாம் பிறகுதான் உமானுஷ், 2019இல் ஜொவாவ் மையா இயக்கிய திரைப்படம். சாவு கொடுத்த புகழாக இருந்திருந்தால் இத்தனை வருடம் இழுத்திருக்காது. பாட்டுகள் ஒவ்வொன்றாகத் தங்களுக்கான ஆட்களைத் தேடிப்போய்ச் சேர்ந்தன.

சரி, எதிலிருந்து கேட்பது? இரண்டாவது ஆல்பத்திலிருந்து ஆரம்பியுங்கள், அதிலும் ‘தியொலிந்தா தே ஜெஸுஷ்’ பாட்டிலிருந்து. அது அவர் அம்மாவின் பெயர், அப்படியே தலைப்பாக வைத்திருக்கிறார். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, குரல் எங்கெல்லாம் தாளத்தை விட்டு விலகிப் போய்த் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து முதல் ஆல்பம். உமானுஷைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் கேட்டுவிட்டால் அந்த மூன்று பேரின் குரலிலேயே மெட்டு மனதில் உட்கார்ந்துவிடும், பிறகு இவரைக் கேட்கும்போது இவர் யாரையோ பின்பற்றுகிறார் என்று தோன்றும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.